பஞ்சப்பாட்டை நிறுத்திய மாதம்

தமிழ்நாட்டிலிருந்து திருவனந்தபுரத்துக்கு வேலைக்கு வருகிறவர்களுக்கு மலையாளம் படிக்கக் கற்றுத்தரும் சேனல் ஒன்றை இணையத்தில் நடத்துகிறேன். பஸ் போர்டு, மருந்துச் சீட்டு, கரண்ட் பில். பிடித்தவர்கள் மாதம் ஐம்பது ரூபாய் சந்தா கட்டுகிறார்கள். மொத்தம் எவ்வளவு சேருகிறது என்று யாராவது கேட்டால், "ஏதோ ஓடறது" என்பேன். சாலை பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் என் கணவரிடம் பிடித்த பழக்கம் அது. ஓணத்துக்கு முந்தின நாள் கடையில் நிற்க இடமிருக்காது. அன்றைக்கும் அவர் வியாபாரம் டல் என்றுதான் சொல்வார்.

போன வருஷம் நேரலையில் ஒரு பெயிண்டர் அதையே கேட்டார். வழக்கமான பஞ்சப்பாட்டைப் பாடினேன். அன்றைக்கு ராகம் கொஞ்சம் கூடிவிட்டது. மறுமாதத்திலிருந்து அவர் இருநூறு ரூபாய் சந்தாவுக்கு மாறியிருக்கிறார். நான் கவனிக்கவேயில்லை. கல்லாறு என்ற மலையோர ஊரில் ஒரு விடுதிக்குப் பெயிண்ட் அடிக்கப் போன இடத்திலிருந்து, பாடத்தில் சந்தேகம் கேட்கக் கூப்பிட்டபோது பேச்சுவாக்கில் சொன்னார்.

"நீங்க கஷ்டப்படுதீங்கல்லாக்கா, அதான் சாயங்காலம் டீயும் கடியும் வேண்டாம்னு வச்சிட்டேன்."

கடி என்றால் இங்கே டீயோடு தின்கிற வடை, பஜ்ஜி. எனக்குக் காது சுட்டது. அந்த மாதம் வந்தது முப்பத்தோராயிரம். அவரை மட்டும் பழையபடி ஐம்பது கட்டச் சொல்லித் தப்பித்திருக்கலாம். இன்னும் எத்தனை பேர் டீயை விட்டார்களோ? மாதாமாதம் வரவு செலவை எல்லோருக்கும் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன்.

கணவர் தலையில் அடித்துக்கொண்டார். "ஊருக்கெல்லாம் சொல்லிண்டு இருப்பியா? எல்லாரும் போயிடுவா. கண்ணு வேற படும்."

எனக்கும் பயம்தான். இதை நம்பித்தான் ஆபீஸ் வேலையை விட்டிருந்தேன். இருந்தாலும் ஒன்றாம் தேதி போட்டேன். வந்தது முப்பத்தோராயிரம், எடிட்டிங்குக்கும் இன்டர்நெட்டுக்கும் எட்டாயிரம், மீதி என் சம்பளம். ஒரே வாரத்தில் நாற்பது பேர் விலகினார்கள். "அடேங்கப்பா, எல்லாம் எங்க காசா?" என்று ஒருவர் எழுதினார். அழுகை வந்தது.

பெயிண்டர் ஒரு வாரம் கழித்துத்தான் கூப்பிட்டார்.

"கோபமா?" என்றேன்.

"கோபந்தான்க்கா. பேசவே கூடாதுன்னுதான் இருந்தேன். ஆமா, இவ்ளோ வருமா? அப்போ சுவத்துக்குப் பட்டி பாக்கத நான் சொல்லிக்குடுத்தாலும் ஆளு கேக்குமா?"

"கேக்கும். முதல்ல அந்த டீயைக் குடிங்க."

இப்போது அவருக்கும் சேனல் இருக்கிறது. முதல் மாதக் கணக்கை, பட்டி பூசித் தேய்த்த சுவரில் பிரஷ்ஷால் மலையாளத்தில் எழுதிக் காட்டினார். வந்தது நூற்றைம்பது. செலவு, டீயும் கடியும். அந்த நூற்றைம்பதில் ஐம்பது நான் கட்டிய சந்தா.