பிள்ளையின் வாய்க்குத் தகுந்த பூச்சு

என் மூத்த மகனின் இடது பாதம் பிறக்கும்போதே உட்பக்கம் வளைந்திருந்தது. பல மாதங்கள் பிளாஸ்டர் போட்டு வளைவை ஓரளவு எடுத்தபின், ஆஸ்பத்திரி டாக்குத்தர் ஒரு கடுதாசியில் படம் கீறித் தந்தார். கணுக்காலைத் தாண்டி மேலே ஏறி, நாடாவால் இறுக்கிக் கட்டும் தோல் சப்பாத்து. குளிக்கும் நேரம் தவிர இரவும் பகலும் காலில் இருக்க வேண்டும். ஒரு கிழமைக்கு, ஏழு நாளுக்கு மேல் கழற்றி வைத்தால் பாதம் பழையபடி திரும்பிவிடும் என்றார். விரல்கள் கறுத்தால் மாத்திரம் உடனே கழற்றித் தன்னிடம் கொண்டுவரச் சொன்னார். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். சரியாக எழுதினேனா என்று வெள்ளவத்தை வீட்டுக்கு வந்து மூன்று தரம் வாசித்தேன்.

சப்பாத்தைச் செய்தவர் கொட்டாஞ்சேனையில் மாதா கோவிலுக்குப் பின்னால் ஓர் ஒழுங்கையில் கடை வைத்திருந்தார். வயது என்னைவிட நாலைந்துதான் கூட இருக்கும். ஜெபப் புத்தகங்களுக்குத் தோல் அட்டை கட்டுவதும் அவருடைய வேலை. யுத்தக் காலம், நல்ல தோலெல்லாம் பட்டாளத்துச் சப்பாத்துகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. "இது பழுதானா அடுத்த துண்டுக்கு ரெண்டு மாசம் காத்திருக்கணும், பத்திரம்மா," என்று சொல்லித்தான் கையில் தந்தார்.

நான் அதற்குச் சாயம் போட்டேன்.

ஏன் என்று இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது. சாயம் ஏறாத தோல் வெளிறிய மஞ்சளாக, பிள்ளையின் மண்ணிறக் காலில் தூரத்திலேயே தெரிந்தது. ரயிலில் பெண்கள் முதலில் அதைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். அவன் தோலின் நிறத்திலேயே இருந்தால் யார் கண்ணிலும் படாது என்று நினைத்தேன். புறக்கோட்டையில் சாயத்தூள் வாங்கி, இரண்டு வகை மண்ணிறத்தையும் துளி சிவப்பையும் வெந்நீரில் கலந்து, ஒவ்வொரு தரமும் சப்பாத்தோடு வந்த தோல் நறுக்கில் தொட்டு அவன் கையோடு வைத்துப் பார்த்தேன். பதினோராவது தரம் நறுக்கு எங்கே முடிகிறது, கை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. கடவுள் பத்து மாதம் எடுத்துச் செய்த நிறம் என் கோப்பைக்குள் கிடந்தது.

பள்ளிக்கூடத்துத் தையல் வகுப்பில் துணிக்குச் சாயம் ஏற்றி, படிகார நீரில் தோய்த்து எடுக்கப் படித்திருந்தேன். அதே போலச் சப்பாத்தையும் உள்ளும் புறமும் சாயமிட்டுப் படிகார நீரில் தோய்த்து நிழலில் உலர்த்தினேன். துணிக்குப் பிடிக்கும் சாயம் தோலுக்கும் பிடிக்கும் என்று நம்பினேன்.

அதை அவன் காலில் போட்ட மூன்றாம் நாள் காலை நாடாவை அவிழ்த்தபோது அவன் விரல்கள் ஐந்தும் கறுத்திருந்தன.

நான் போட்ட சத்தத்தில் என் கணவர் சவரக் கத்தியோடு ஓடிவந்தார். பிள்ளையோ சிரித்தது. விரலைத் தொட்டேன், சூடாக இருந்தது. ஈரத் துணியால் துடைத்தேன், துணி மண்ணிறமானது. வியர்வையில் இளகிய சாயம்தான். ஐயோ முருகா என்று நிலத்தில் உட்கார்ந்த பிறகுதான் அவன் முகத்தைப் பார்த்தேன். கடைவாயிலும் அதே மண்ணிறம். எட்டு மாதப் பிள்ளை, கிடந்தபடி காலை இழுத்து வாயில் வைக்கிற வயது. இரண்டு நாளாகச் சாயத்தைச் சப்பியிருக்கிறான்.

"ஏனப்பா அதுக்கு நிறம் பூசினனீர்?" என்றார் இவர்.

"வடிவா இருக்கும் எண்டு."

"ஆருக்கு?"



சப்பாத்தைக் கழற்றி, காலைத் துணியால் சுற்றிக் கட்டினேன். சப்பாத்தில் ஏறிய சாயம் எத்தனை தரம் கழுவியும் முழுதாகப் போகவில்லை. டாக்குத்தர் சொன்ன ஒரு கிழமை அந்தக் காலையிலிருந்து நடக்கத் தொடங்கிவிட்டது. அன்றே பிள்ளையையும் மிச்சச் சாயத்தையும் தூக்கிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனேன்.

சப்பாத்துக்காரர் சப்பாத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கு ஏச்சு விழும் என்று நினைத்தேன்.

"நிறம் நல்லாப் பிடிச்சிருக்கீங்க. ஆனா கதவப் பூட்டாம விட்டுட்டீங்களேம்மா. மேல ஒரு பூச்சு வேணும்."

"என்ன பூச்சு?"

"மூணு இருக்கு. அரக்கை ஸ்பிரிட்ல கரைச்சுப் பூசலாம். தேன்மெழுகு தேய்க்கலாம். இல்லாட்டி முட்டை வெள்ளைக்கரு. புத்தக அட்டைக்கு நான் அதுதான் போடுறது."

"பிள்ளை சப்பினால் எது பழுதில்லை?"

அவர் தலையைச் சொறிந்தார். "அது எனக்கும் தெரியாதும்மா. பெரிய ஆக்கள் எவரும் சப்பாத்தைச் சப்புறதில்லையே."

பிறகு, எனக்கே எங்கிருந்து வந்தது என்று தெரியாத துணிவில், அதே தோலில் மூன்று பட்டிகள் வெட்டி, என் சாயத்தைப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பூச்சாகப் பூசித் தரச் சொன்னேன்.

"எதுக்கு?"

"என்ர காலிலை கட்டிப் பாக்க."

"பாதசரம் கட்டுற காலும்மா அது," என்றார். ஆனால் கையிலிருந்த வேலையை ஒதுக்கிவிட்டு, நான் கோவில் வாசலில் உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்து, பொழுது சாயும் நேரம் வருவதற்குள் செய்து வைத்திருந்தார்.

மறுநாள் கந்தசஷ்டி தொடங்கியது. அந்தப் பாதம் நேராக வேண்டும் என்று நேர்ந்து, ஆறு நாளும் பாலும் பழமும் மாத்திரம் என்று விரதம் பிடித்திருந்தேன். சேலைக்குள்ளே, இடது காலில், ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று தோல் பட்டிகளோடு பூசை செய்தேன். அவற்றுக்குக் கீழே வெள்ளைத் துணி சுற்றியிருந்தேன், கறை தெரிவதற்காக. பிள்ளைக்குப் பூசுகிற நல்லெண்ணெயை அவற்றுக்கும் பூசினேன். குழாயடியில் நனைத்தேன்.

அரக்கு கண்ணாடியாக மினுங்கியது. அதைக் கட்டிக்கொண்டு ஒரு நாள் பெருமையாகவே நடந்தேன். இரண்டாம் நாள் குனிந்து கூட்டும்போது மடிப்பில் வெடித்து, பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. விரலால் தொட்டால் குத்தியது. மெழுகு அப்படியில்லை, தோலோடு தோலாக, மென்மையாக இருந்தது. அதுதான் என்று முடிவு செய்துவிட்டேன். நாலாம் நாள் மத்தியானம் வெயில் ஏறியது. மெழுகு இளகி, துணி முழுக்க மண்ணிறம்.

முட்டைப் பட்டிக்குக் கீழே இருந்த துணி மாத்திரம் வெள்ளையாகவே இருந்தது. ஐந்தாம் நாளும் வெள்ளை. கழற்றி ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். தண்ணீர் உள்ளே இறங்காமல் உருண்டு நின்றது. அதைப் பார்த்தபடி எவ்வளவு நேரம் இருந்தேனோ, அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது. குஞ்சாகப் போக வேண்டிய ஒன்று, ஒரு மிருகத்தின் தோலின்மேல் இப்படி இன்னொரு தோலாக நிற்கிறதே என்று உடம்பு சிலிர்த்தது.

அரக்கையும் மெழுகையும் நான் முன்பே வாயில் வைத்துப் பார்த்திருந்தேன். பூச்சியின் பிசினும் தேனீயின் மெழுகும் விரதத்துக்கு ஆகுமா என்று ஒரு இரவு யோசித்து, ஆகும் என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். முட்டையை வைக்கவில்லை. எங்கள் வீட்டுக்குள் முட்டை வந்ததே இல்லை. சஷ்டி விரதத்தில் அதை நாக்கில் வைத்தால், பாதத்துக்காகப் பிடித்த விரதம் பாதத்துக்கே பழியாகுமோ? வைக்காமல் விட்டால், நான் ருசித்துப் பாராத ஒன்றை அவன் நாள் முழுக்கச் சப்புவான். இவரிடம் கேட்டேன். "உமக்குச் சரியெண்டு பட்டதைச் செய்யும்," என்றார். எனக்கு எப்போதாவது ஒன்று சரியென்று பட்டிருக்கிறதா?

ஆறாம் நாள், சூரன்போர் அன்று காலை, வெறும் வயிற்றோடு பிள்ளையையும் சப்பாத்தையும் தூக்கிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனேன். கைக்குட்டையில் பட்டியைச் சுற்றிக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன்.

"முட்டையா?" என்றார். ஒளியில் பிடித்துப் பார்த்தார். "அட, ஒரு கீறல் இல்ல. வாயில வெச்சுப் பாத்தீங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன். என் நெற்றித் திருநீற்றையும் வாடிய முகத்தையும் பார்த்து அவருக்கு விளங்கிவிட்டது.

"விரதமா? எங்க வேதத்துலயும் இறைச்சி தொடாத தவசுகாலம் இருக்கும்மா. ஆனா முட்டைய நீங்க தின்னலையே, சப்பாத்துதானே தின்னுது."

"பகிடி விடாதேங்கோ."

"சரி, நானே வெச்சுக் காட்டுறேன்." பட்டியை வாய்க்குக் கொண்டுபோனார்.

"வேண்டாம்," என்றேன். "உங்கட நாக்கை நம்பி என்ர பிள்ளைக்குக் குடுக்கேலாது."

சொன்ன பிறகுதான் எவ்வளவு மரியாதைக் கேடாகச் சொன்னேன் என்று உணர்ந்தேன். அவர் கோபிக்கவில்லை. பட்டியை ஒரு சுத்தமான துணியால் துடைத்து என்னிடம் நீட்டிவிட்டு, வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

முருகா, இது எனக்கு வேண்டி இல்லை என்று சொல்லி வாயில் வைத்தேன். பிள்ளை சப்புகிற மாதிரியே சப்பினேன், கடித்தேன், எச்சில் ஊறும்வரை வைத்திருந்தேன். என் வியர்வையின் உப்புத் தெரிந்தது. தோலின் வாசம் தெரிந்தது. வேறு ஒன்றுமே இல்லை. எச்சிலைக் கைக்குட்டையில் ஒற்றிப் பார்த்தேன். வெள்ளை.

"பூசுங்கோ," என்றேன்.

ஒரு கோப்பையில் வெள்ளைக்கருவை அடித்து, நுரை அடங்கக் காத்திருந்து, துணியில் வடித்து, பஞ்சால் சப்பாத்தின் உள்ளும் புறமும் பூசினார். காய்ந்ததும் மறுபடி பூசினார். பிறகு ஒரு போத்தலின் கண்ணாடி மூடியை எடுத்து வட்டம் வட்டமாகத் தேய்க்கத் தொடங்கினார். "சூடு ஏறணும், சூட்டுலதான் இறுகும்," என்றார். தொட்டுப் பார்க்கத் தந்தார். இளஞ்சூடாக, உயிருள்ள ஒன்றைப் போல இருந்தது. மங்கிக் கிடந்த சாயத்துக்குள்ளிருந்து மெல்ல ஒரு ஒளி எழுந்தது, எண்ணெய் பூசிக் குளிப்பாட்டிய பிள்ளையின் காலில் தெரிகிற அதே ஒளி. அதைச் செய்த கையையும் கோப்பையில் மிஞ்சிக் கிடந்த கோழை போன்ற வெள்ளைக்கருவையும் மாறி மாறிப் பார்த்தேன். இதிலிருந்தா அது என்று நம்ப முடியவில்லை.

மத்தியானம் அவரே காலில் போட்டு நாடாவைக் கட்டினார். கிழமை முடிய இன்னும் ஒரு நாள் இருந்தது. நாடாவைக் கட்டி முடிக்கும் முன்னரே பிள்ளை காலை இழுத்து வாயில் வைத்துக்கொண்டான்.

"தம்பிக்குப் பசி," என்றார் சப்பாத்துக்காரர்.

கோட்டையில் ரயில் ஏறினோம். எதிரே இருந்த பெண்கள் பார்த்தார்களா என்று எனக்குத் தெரியாது. நான் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொம்பனித்தெரு ஸ்டேஷனில் உதட்டைத் துடைத்து, கைக்குட்டையை விரித்துப் பார்த்தேன். கொள்ளுப்பிட்டியிலும் பார்த்தேன். பம்பலப்பிட்டியில் கடல் காற்று அதைப் பறித்துக்கொண்டு போகப் பார்த்தது. விரதம் நின்றதா முறிந்ததா என்று யாரிடம் கேட்பதென்று தெரியவில்லை. வெள்ளவத்தையில் இறங்கும்போது கைக்குட்டை முழுக்க எச்சிலாய்ப் பாரமாக இருந்தது. ஒரு பொட்டு நிறமும் அதில் இல்லை. மேடையில் நின்று, சனம் இடித்துக்கொண்டு போக, அதை இரண்டு கையாலும் வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றேன்.