எங்க்ராசியா புத்தகம் எடுக்கும் இடம்

பார்சல் வந்தால் எங்க்ராசியா முதலில் அனுப்பியவர் முகவரியைக் கிழித்து அடுப்பில் போடுவாள். அது சாம்பலாகும்வரை பக்கத்திலேயே நிற்பாள். பிறகுதான் உள்ளே என்ன புத்தகம் என்று பார்ப்பாள்.

வெளிநாட்டு நூலகங்களுக்குக் காத்தலான் மொழிப் புத்தகங்கள் அனுப்புவது அவள் தொழில். கடையில் விற்கிற நாவல்களை யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். இவள் சரக்கே வேறு. மலையேறும் சங்கம் போட்ட ஊர் வரலாறு, தேவாலயப் பாடகர்கள் போட்ட பாட்டுப் புத்தகம் என்று, அச்சடித்தவர்களின் அலமாரியிலேயே தூங்குபவை. எங்கே கிடைத்தது என்று கேட்டால், "அந்தப் பக்கம்" என்பாள். கை வடக்கே நீண்டால் புத்தகம் தெற்கே கிடைத்தது என்று அர்த்தம். அவளுக்குக் கார் ஓட்டுகிறவள் நான், எனக்குத் தெரியும்.

எங்கள் மலையூரான பெர்காவில் இதை யாரும் தப்பாக நினைப்பதில்லை. காளான் முளைக்கும் இடத்தை இங்கே பெற்ற பிள்ளைக்கே சொல்லமாட்டோம். கூடையைப் பெரணி இலையால் மூடிக்கொண்டு சுற்றுவழியில்தான் வீட்டுக்கு வருவோம். நூலகக்காரர்களுக்கு இந்த வழக்கம் புரிவதில்லை. இரண்டு நூலகங்கள் பார்சலோனாவிலுள்ள ஒரு பெரிய கம்பெனிக்கு மாறிவிட்டன. மிஞ்சியது ஹாம்பர்க் நூலகம் ஒன்றுதான். அதுவும் போனால் கடையை மூட வேண்டியதுதான்.

போன மாதம் அங்கிருந்து, புத்தகம் வாங்கும் பொறுப்பிலிருக்கும் டெட்லெஃப் வந்தார். காத்தலான் நன்றாகவே பேசினார்.

"எல்லாம் எங்ககிட்டயே கிடைக்கும்னு அந்தக் கம்பெனி சொல்லுதும்மா. உங்களுக்கு மட்டும் கிடைக்கிற இடம் ஒண்ணாவது காட்டுங்க. அப்பத்தான் உங்களுக்காக நான் பேச முடியும்."

"காட்டினா நாளைக்கே நேரா அங்க வாங்கிப்பீங்க."

"அப்படியெல்லாம் செய்யமாட்டோம்."

"முன்னாடி ரெண்டு பேரும் இதையேதான் சொன்னாங்க. இப்ப எங்க இருக்காங்கன்னு இவளைக் கேளுங்க" என்று என்னைக் காட்டினாள்.

மறுநாள் எங்க்ராசியா வேறு வழியில்லாமல் அவரையும் கூட்டிக்கொண்டு காரில் ஏறினாள். "அவர் போனை வாங்கி அணைச்சு முன்னால வை. வளைஞ்சு வளைஞ்சு போ" என்றாள் என்னிடம். ஒரே பாலத்தை மூன்று முறை கடந்தோம். டெட்லெஃப் பாலத்தைப் பார்த்து லேசாகச் சிரித்தார். எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

கடைசியில் மலையேறும் சங்கத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அதன் செயலாளர் எர்மங்கோலிடம், "சரகோசாவுல இருந்து வந்த சொந்தக்காரரு. புத்தகம்னாலே இவருக்கு ஆகாது" என்றாள்.

டெட்லெஃப் அலமாரி முன் குந்தி, ஒவ்வொன்றாக எடுத்துப் புரட்டினார். அவருக்கு எழுந்திருக்கவே மனம் வரவில்லை.

"ஆகாதவரு இப்படியா படிப்பாரு?" என்றார் எர்மங்கோல்.

டெட்லெஃப் எங்க்ராசியாவைத் திரும்பிப் பார்த்தார். "இதுல ஒண்ணுகூட அந்தக் கம்பெனிகிட்ட இல்ல. ஹாம்பர்க்குக்கு இனிமேலும் நீங்கதான் அனுப்பணும்."

அவள் கண் கலங்கிவிட்டது. அவளுக்காக எனக்கும் நிம்மதியாக இருந்தது. தங்கள் புத்தகம் ஹாம்பர்க்குக்குப் போகிறது என்று கேட்ட எர்மங்கோலுக்குத் தலைகால் புரியவில்லை. சட்டைப்பையிலிருந்து தன் முகவரி அட்டையை எடுத்து டெட்லெஃப் பக்கம் நீட்டினார்.

எங்க்ராசியாவின் கை முந்திக்கொண்டது. அட்டையை வாங்கித் தன் கைப்பைக்குள் போட்டு, ஜிப்பைக் கடைசிவரை இழுத்து மூடினாள்.