தொப்பி போட்ட ஆட்டுக்கடா

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். பொதட்டூர்பேட்டையிலிருந்து மாற்றுச் சட்டைகூட இல்லாமல் கும்மிடிப்பூண்டிக்கு வந்து, தகடு அடிக்கிற ஒரு பிரஸ் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தேன். இன்று அதே தொழிற்பேட்டையில் என் பெயரில் ஷெட் ஓடுகிறது. தகட்டை வெட்டி வளைத்து வண்டிக் கம்பெனிகளுக்குப் பாகம் அடித்துக் கொடுக்கிறோம். ஒரு பொருள் நல்லதா கெட்டதா என்று சொல்ல எனக்கு எவனும் சர்டிபிகேட் கொடுக்க வேண்டியதில்லை.

என் ஷெட்டில் ஒரு சட்டம் உண்டு. பிரஸ்ஸில் டை என்கிற அச்சை மாட்டி அடித்த முதல் பீஸ் என் மேஜைக்கு வர வேண்டும். நான் ஓகே சொன்னால்தான் மிஷின் ஓடும். சொல்லாவிட்டால் பீஸ் சிவப்பு டப்பாவுக்குப் போகும். ஒரு குறை இருந்தாலும் முழு பீஸும் தள்ளுபடி. சின்னக் குறைதானே, இந்த ஒரு தடவை போகட்டும் என்று விடுவதற்கு எங்கள் தொழிலில் டீவியேஷன் என்று பெயர். கேட்டு வந்தவர்கள் எத்தனையோ பேர். என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததில்லை.

இன்னொரு சட்டமும் உண்டு. பிரஸ்ஸில் இரண்டு பட்டன்கள் இருக்கும். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் மேலே இருக்கிற ராம் என்கிற கனத்த இரும்புக் கட்டை கீழே இறங்கும். கை உள்ளே மாட்டாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. அவசரத்துக்கு ஒரு பட்டனைக் கட்டி வைத்துவிட்டு ஒரு கையால் ஓட்டுகிற ஷெட்டுகள் இருக்கின்றன. அங்கே விரல் போனவர்களும் இருக்கிறார்கள். என் ஷெட்டில் ஒருத்தர் விரலுக்கும் சேதமில்லை. இதை நான் எங்கே வேண்டுமானாலும் நெஞ்சைத் தட்டிச் சொல்வேன்.

என் மகள் சென்னையில் ஒரு சின்னக் கம்பெனியில் வீடியோ கேம் செய்கிறாள். வேப்பம்பட்டில் குடியிருந்து ரயிலில் போய் வருகிறாள். எனக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆகிப் படுத்திருந்தபோது, கையில் வைத்து ஆடுகிற ஒரு பெட்டியைக் கொடுத்து, அவர்கள் செய்த ஆட்டத்தை அதில் போட்டுக் கொடுத்தாள். ஓர் ஆட்டுக்கடா மதில்மேல் ஓடும். வலது பக்கப் பட்டனை அமுக்கினால் குதிக்கும், இடது பக்கப் பட்டனை அமுக்கினால் முட்டும். விழுந்தால் ஆரம்பித்த இடத்துக்கே போக வேண்டும். அதுதான் ஆட்டம். படுத்த படுக்கையாகவே கடைசிவரை ஆடி முடித்தேன். அவளுடைய ஆபீஸ்காரர்களே அசந்துபோனார்களாம்.

எழுந்து நடமாடியதும் அவளிடம் கேட்டேன், ஷெட்டை இனி யார் பார்ப்பது என்று. அவள்தான் இந்தப் பேரத்தைப் போட்டாள்.

"ரெண்டாவது ஆட்டம் பூரா என் பொறுப்பு நைனா. வந்ததும் ஆடிப் பாரு. பீஸு சரியில்லன்னு நீ சொன்னா, வேலைய உட்டுட்டு ஷெட்டுக்கு வந்துடறேன். சரியா கீதுன்னா, இனிமே அந்தப் பேச்ச எடுக்கக் கூடாது."

நான் ஒப்புக்கொண்டேன். அவள் வந்து என் நாற்காலியில் உட்கார வேண்டும் என்ற ஆசை எனக்கு எவ்வளவு இருந்தாலும், நல்ல பீஸைச் சிவப்பு டப்பாவில் போடுகிறவன் நான் இல்லை. அது அவளுக்கும் தெரியும்.

இரண்டாவது ஆட்டம் வந்தது. பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆட்டுக்கடாவுக்கு ஒரு தொப்பிக் கடை வைத்திருக்கிறார்கள். பொறுக்குகிற புல்லைக் கொடுத்துத் தொப்பி வாங்கலாம். தொப்பி போட்டால் உயரம் அதிகமாகக் குதிக்குமா, பலமாக முட்டுமா? ஒன்றும் கிடையாது. சும்மா அழகுக்கு. மதில்மேல் ஓடுகிற கடாவுக்கு அழகு எதற்கு? நாலு தாவு தாவினால் ஒரு விளக்கு. விழுந்தால் அந்த விளக்கிலிருந்தே மறுபடியும் எழுந்துகொள்ளலாம். விழுந்தவனுக்கு வலிக்க வேண்டாமா? ஒரு பெரிய நண்டு வருகிறது. முதல் ஆட்டத்து நண்டு துரத்தித் துரத்திக் கடித்தது. இது எனக்கு வழிவிட்டு நிற்கிறது, கல்யாண வீட்டு வாசலில் சந்தனம் கொடுக்கிற ஆள் மாதிரி. போதாததற்கு ஒரு காக்கா. எதற்கெடுத்தாலும் வந்து இங்கிலீஷில் எழுதிக் காட்டிப் பேசும். பட்டனைத் தட்டித் தட்டி அதை விரட்டினேன்.

இதெல்லாம்கூடப் போகட்டும் என்று பார்த்தால், ஆற்றங்கரைக் கட்டம் வந்ததிலிருந்து ஆட்டமே மோசடியாகிவிட்டது. அங்கே காக்கா கடாவின் கழுத்தில் ஒரு மணியைக் கட்டியது. அதன் பிறகு பள்ளத்தைத் தாண்டக் குதித்தால், கடா பாதி வழியில் தலைகீழாகத் திரும்பி நேரே தண்ணீரில் விழுகிறது. விழும்போது தகர டப்பாவை உதைத்த மாதிரி மட்டமான ஒரு சத்தம் வேறு.

"இன்னாங்க, சோத்துத் தட்ட எதிர்ல வெச்சுக்கினு அந்தப் பொட்டிகிட்ட சண்ட போட்டுக்கினு கீறீங்க," என்றாள் என் வீட்டுக்காரி.

"உன் பொண்ணு செஞ்ச லட்சணம். தாண்டுற ஆட்ட ஆத்துல தள்ளுது."

"ஆடு ஆத்துல போனாலும் நாளைக்குப் பொண்ணு ஷெட்டுக்கு வருவான்னு உள்ளுக்குள்ள குஷிதான?"

எனக்குக் குஷி இல்லை. என் மகள் பொறுப்பெடுத்துச் செய்த பொருள் இப்படியா இருக்கும் என்ற ஆத்திரம்தான் இருந்தது. போனைப் போட்டு, "பீஸு ரிஜெக்டு. வேலைக்கு நோட்டீஸ் குட்துட்டு வா," என்றேன்.

"எங்க ரிஜெக்டுன்னு காட்டு நைனா. காரணம் காட்டாம செகப்பு டப்பால போடறது உன் ஷெட்டுலயே கெடையாது," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தாள். வந்த முகத்தில் தூக்கமில்லை. ஆற்றங்கரைக் கட்டத்தை எடுத்து ஆடிக் காட்டினேன். கடா குதித்தது, கவிழ்ந்தது, தண்ணீரில் போனது. அவள் திரையைப் பார்க்கவில்லை. என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு கையாலயும் எதுக்கு ஒன்னா அமுக்குற?"

"எப்பிடி அமுக்கணும்னு எனக்கே சொல்றியா? மொத ஆட்டம் பூரா இப்பிடித்தான் ஆடினேன்."

"அதுல ஒன்னா அமுக்குனா சும்மா குதிக்கும். இதுல மணி கீது. மணி கட்டும்போது காக்கா இன்னா சொல்லுச்சுன்னு பாத்தியா?"

"காக்கா பேச்ச எவன் கேக்கறது."

சமையலறையில் என் வீட்டுக்காரி சிரிப்பது கேட்டது.

"சரி. உன் ஷெட்டுல ரெண்டு பட்டனையும் ஒன்னா அமுக்குனா இன்னா ஆவும்?"

"ராம் எறங்கும்," என்றேன்.

அவள் பெட்டியை வாங்கி, கடாவைக் கொஞ்ச தூரம் பின்னால் ஓட்டிப் போனாள். அங்கே வழியை மறித்து ஒரு பெரிய பாறை கிடந்தது. அதை நான் சுற்றிக்கொண்டு வந்திருந்தேன். கடாவை அதன்மேல் குதிக்கவிட்டு இரண்டு பட்டன்களையும் ஒன்றாக அமுக்கினாள். கடா தலைகீழாகத் திரும்பி நேரே இறங்கியது. பாறை இரண்டாகப் பிளந்தது. அதே தகர டப்பாச் சத்தம்.

"போன பொங்கலுக்கு முன்னாடி ஷெட்டுல ஃபோன நீட்டிக்கினு நின்னனே, காதுல பஞ்சு வெச்சுக்க, இல்லன்னா வெளிய போன்னு கத்துனியே. அந்தச் சத்தம்தான் நைனா இது. நம்ம பெரிய பிரஸ்ஸு."

வாழ்நாள் முழுக்கக் கேட்ட சத்தத்தை மட்டம் என்று சொல்லியிருக்கிறேன். அந்தக் கோபத்தையும் அவள்மேல்தான் காட்டினேன். முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கலாமே, அதை எதற்கு ஒரு காக்காவை விட்டு இங்கிலீஷில் சொல்ல வேண்டும்?

"சொல்லிட்டா நீ பீஸப் பாக்க மாட்ட. பொண்ணாச்சேன்னு என்னத்தான் பாப்ப," என்றாள்.

பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு, இடது கையை வேண்டுமென்றே தூக்கிப் பிடித்து, வலது கையால் மட்டும் குதித்தேன். கடா ஆற்றைத் தாண்டியது. அதன் பிறகு வந்த பாறைகளில் ராமை இறக்கினேன். ஒவ்வொன்றும் சரியான இடத்தில் பிளந்தது. சாயங்காலம் அவள் ரயிலுக்குக் கிளம்புவதற்குள் ஆட்டத்தை முடித்துவிட்டேன். கடைசிக் கட்டம் நன்றாகவே இருந்தது. முதல் ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தைவிட ஒரு பிடி மேல்.

ஆனால் தொப்பிக் கடை தொப்பிக் கடைதான். அதை அவளிடம் முகத்துக்கு நேரே சொன்னேன். விளக்கையும் சொன்னேன், நண்டையும் சொன்னேன்.

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். "ஒரு கொற இருந்தாலும் முழு பீஸும் தள்ளுபடின்னு நீதான சொல்லுவ? அப்ப நான் நோட்டீஸ் குட்துடணுமா?"

கேலியாகக் கேட்கவில்லை. நான் ஆமாம் என்றால் அவள் கொடுத்துவிடுவாள். சொன்ன சொல் தவறுகிற பெண் இல்லை, என் வளர்ப்பு. என் சட்டமும் அதைத்தான் சொன்னது. என் நாற்காலிக்கும் ஆள் கிடைத்திருக்கும்.

"மணி ஓகே," என்றேன். "மத்ததுக்கு டீவியேஷன்."

"நெஜமாவா?"

"அடுத்த ஆட்டத்துலயும் அந்தத் தொப்பிக் கட இருந்துச்சுன்னா செகப்பு டப்பாதான். இப்பவே சொல்லிட்டேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ரயிலுக்கு ஓடினாள். மறுநாள் காலையில் நானே போய் ஷெட்டைத் திறந்தேன். முதல் பீஸ் மேஜைக்கு வந்தது. ஓரத்தில் மயிரிழை போலப் பிசிர். சின்னக் குறைதான் மொதலாளி என்றான் டை மாட்டுகிற செட்டர். பீஸைத் தூக்கிச் சிவப்பு டப்பாவில் போட்டேன்.