ரேஞ்ச் வளைவில் ஐந்து நிமிடம்

ஆளேற்றிப் போகும் டிரிப் ஜீப் ஓட்டுகிறவனுக்குப் பாதி வேலை ஸ்டியரிங்கில். மீதி வேலை, காதில் விழுந்ததை விழாததுபோல் உட்கார்ந்திருப்பது. சூரியநெல்லி தேயிலை எஸ்டேட் ரோட்டில் முப்பது வருடமாக ஓட்டுகிறேன். வண்டி ஓட்டிப் பிழைக்கும் உங்களுக்கும் இந்தக் கஷ்டம் தெரிந்ததுதான்.

டிரைவர் வழியாக

அந்தோணியும் புஷ்பமும் புருஷன் பெண்டாட்டி. இரண்டு வாரமாகப் பேச்சில்லை. அவள் முன்சீட்டில், அவன் நேர் பின்னால்.

“அண்ணே, பின்னால இருக்க மனுசன்கிட்ட சொல்லுங்க, தெனமும் குடிச்சுட்டு இருட்டுன பெறகு வந்தா சோறு கெடையாதுன்னு.”

“கேட்டுச்சுன்னு சொல்லுங்கண்ணே. அந்தச் சோத்துல உப்பும் கெடையாதுன்னு சொல்லுங்க.”

ஒரு முழ தூரத்துக்கு நான் தபால்காரன். ஒரு நாள் நல்ல மழை. புஷ்பம் மெதுவாக, “யானை எறங்குற பாதைல அந்த மனுசன் நடந்து வர்றவரைக்கும் நான் வாசல்லயே பயந்துட்டு நிக்கேன். அதையும் சொல்லுங்கண்ணே” என்றாள். பின்னாலிருந்து முதல்முறையாக நேரே அவளுக்குப் பதில் வந்தது:

“அத ஏன்டி அவருகிட்ட சொல்லுத?”

ஆறாவது நிமிடம்

எங்கள் ரோட்டில் ஒரே ஒரு வளைவில்தான் போனுக்கு ரேஞ்ச் கிடைக்கும். அங்கே ஐந்து நிமிடம் நிறுத்துவேன். ஆறாவது நிமிடம் ஹாரன் அடிப்பேன். கொழுந்து எடுக்கும் பாக்கியம் அக்கா திருப்பூரில் இருக்கும் மகனை அங்கே நின்றுதான் கூப்பிடுவார். “ஆத்தாள மறந்துட்டல்ல? நான் செத்தாலும் வராத!” அவன் போனை வைத்துவிடுவான். அக்கா அழுதுகொண்டே ஏறுவார்.

“பாக்கணும்போல இருக்குன்னு சொல்லலாமேக்கா” என்றேன் ஒரு தடவை.

“அதச் சொல்லியும் அவன் வரலைன்னா, அப்புறம் சொல்ல என்கிட்ட என்ன இருக்கு தம்பி?”

முன்சீட்டு

என் மனைவி ஸ்டெல்லாவை நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அதே ஜீப்பில்தான். பின்னால் மகள் மேரி, அம்மாவின் தோளைப் பிடித்தபடி. எனக்கு உள்ளே இருந்தது பயம். வாயில் வந்ததோ கோபம். “ரெண்டு மாசமா வலின்னா ஏன் சொல்லல? எல்லாம் உன்னாலதான்!” என்று கத்தினேன். மூன்றாம் நாள் அவள் போய்விட்டாள். அன்று ஜீப்பில் அவள் சொன்ன பதில் மட்டும் இன்னும் முன்சீட்டில் இருக்கிறது:

“சொன்னா ஏசுவீங்கன்னு பயந்துட்டேன்.”

எஞ்சினை அணைத்தபின்

அதன்பிறகு மேரி வீட்டுக்கு வரவில்லை. பாலக்காட்டில் வேலை. நான் கூப்பிடும்போதெல்லாம், “பெத்தவன் ஒருத்தன் இருக்கான், ஞாபகம் இருக்கா?” என்றுதான் ஆரம்பிப்பேன். அவளும் வைத்துவிடுவாள்.

போன மாதம் அந்த வளைவில் காலி ஜீப்பை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, மேரியைக் கூப்பிட்டேன். பாக்கியம் அக்காவுக்கு இருந்த பயம்தான் எனக்கும். இருந்தும் சொன்னேன்: “வீட்டுல பேச ஆளில்லம்மா. உன்னைப் பாக்கணும்போல இருக்கு. ஞாயித்துக்கெழம வர முடியுமா?”

இந்தத் தடவை மேரி போனை வைக்கவில்லை.

“வாரேன்பா. அம்மாகிட்டயும் ஒரு நாளு இப்படிப் பேசியிருக்கலாம்ல?”

யாருக்கும் ஆறாவது நிமிடம் கொடுக்காத நான், அந்த மூன்று வாக்கியத்துக்கு முப்பது வருடம் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.