சனாவுல்லா சொன்ன நேரம்

திண்டிவனத்தில் சனாவுல்லாவுக்குப் பதினோரு மாதம் பெயர் கிடையாது. கல்யாண வீடுகளில் பிரியாணி மாஸ்டருக்குப் பின்னால் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பார். "யோவ் பெரியவரே" என்றுதான் கூப்பிடுவார்கள். ஜித்தாவில் ஒன்பது வருடம் ஓட்டல் பாத்திரம் கழுவிவிட்டு, ஒரு பெட்டியும் முதுகுவலியுமாகத் திரும்பியவர். ஆனால் ரமலான் பிறை தெரிந்துவிட்டால் அவர் 'கஞ்சி' சனாவுல்லா. பள்ளிவாசல் கொல்லையில் அறுநூறு பேருக்கு நோன்புக் கஞ்சி காய்ச்சும் அண்டாவும் கிண்டும் துடுப்பும் முப்பது நாளும் அவர் கையில். ஜமாஅத் தலைவரே எட்டிப்பார்த்து, "பாய், மணம் ரோடு வரைக்கும் வருது" என்பார். வருடம் முழுக்க வாங்கின ஏச்சுக்கெல்லாம் அந்த ஒரு சொல் போதும் அவருக்கு.

நோன்பு வைத்துக்கொண்டே காய்ச்சுவார். உப்பை நாக்கில் வைத்துப் பார்த்ததில்லை. ஆவியை மோந்தே சொல்லிவிடுவார்.

வயது ஐம்பத்தொன்பது. மனைவி ஃபாத்திமா பீவியின் தம்பி பாரூக்குக்கு இரண்டு வருடமாக அந்த அண்டாவின் மேல் கண்.

"மச்சான், நீங்க சேர் போட்டு ஒக்காந்துக்கினு சொல்லுங்க. நான் கிண்டறேன்."

"நீ கிண்டினா அது கஞ்சி இல்லடா, போஸ்டர் ஒட்டற பசை."

கொல்லையில் எல்லோரும் சிரிப்பார்கள். சனாவுல்லா மட்டும் சிரிக்கமாட்டார். ஒரு நாள் துடுப்பைக் கொடுத்தால் அது திரும்பி வராது என்று அவருக்குத் தெரியும்.

பதினொன்றாம் நோன்பு, திங்கட்கிழமை. நொய்யரிசியைக் கொட்டும்போது அவர் நெஞ்சுக்குள் ஏதோ தப்பியது. துடிப்பு நாலு அடி ஓடும், நிற்கும், மறுபடி முட்டிக்கொண்டு ஓடும். தீ அதிகமாகிவிட்ட கஞ்சி அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கொப்பளிப்பது போல, ஒரு ஒழுங்கில்லை. வாயு என்று நினைத்தார். செவ்வாய்க்கிழமையும் அப்படியே இருந்தது. புதன்கிழமை மாடிப்படி ஏற மூச்சு வாங்கியது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பாரூக் கைக்குத் துடுப்பு போய்விடும்.

வியாழக்கிழமை மத்தியானம் அடுப்புக்குப் பக்கத்திலேயே கண் இருட்டி உட்கார்ந்துவிட்டார். பாரூக்தான் காரில் ஏற்றி விழுப்புரத்தில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனான். அக்காவையும் உடன் அழைத்துக்கொண்டான்.

டாக்டர் கலைப்பிரியா இசிஜி தாளை வைத்துக்கொண்டு கேட்டார்: "ஐயா, இதயத்தோட மேலறை ஒழுங்கா துடிக்காம நடுங்கிக்கிட்டு இருக்கு. எப்ப ஆரம்பிச்சுது?"

"நெனவு இல்லீங்களே."

"நல்லா யோசிச்சு சொல்லுங்க. இது முக்கியம். ரெண்டு நாளைக்குள்ளன்னா இன்னிக்கே மயக்க மருந்து குடுத்து, கரண்ட் வெச்சு சரி பண்ணிடலாம். அதுக்கு மேல ஆயிருந்தா உள்ள ரத்தம் கட்டியிருக்கலாம். துடிப்பு சரியாகறப்போ அந்தக் கட்டி கெளம்பி மூளைக்குப் போயிடும். அதனால மூணு வாரம் மாத்திரை சாப்ட்ட பெறகுதான் கரண்ட் வெப்போம்."

டாக்டர் சொன்னதில் சனாவுல்லாவின் காதில் நின்றது மூன்று வாரம் மட்டும்தான். கணக்குப் போட்டார். மூன்று வாரத்தில் நோன்பு போய்ப் பெருநாளே முடிந்துவிடும்.

பாரூக் பக்கத்திலேயே நின்றான். "சொல்லுங்க மச்சான்."

"இன்னிக்கு விடியக்காலை சஹர் சாப்பாட்டுக்கு அப்புறம்தாங்க" என்றார் சனாவுல்லா.

டாக்டர் அதை எழுதிக்கொண்டார். ரத்தம் உறையாமலிருக்க ஊசி போட்டு, சாயங்காலம் கரண்ட் வைத்தார்கள். கண் விழித்தபோது நெஞ்சு அமைதியாக இருந்தது. திரையில் பச்சைக் கோடு ஒரே சீராக ஏறி இறங்கியது.

"துடிப்பு பழையபடி வந்துடுச்சு" என்று டாக்டர் சிரித்தார். "மாத்திரைய ஒரு வேளை கூட விடக்கூடாது. ஒரு வாரம் வேலைக்குப் போகாதீங்க."

மாத்திரையை விடவில்லை. சஹருக்கு ஒன்று, நோன்பு திறந்ததும் ஒன்று என்று ஃபாத்திமா பீவி கையிலேயே எடுத்துக்கொடுத்தாள். வேலையைத்தான் விடவில்லை. சனிக்கிழமையே அண்டா முன்னால் போய் நின்றுவிட்டார். "பேஜாரு பண்ணாத, தள்ளு" என்று பாரூக்கை விலக்கினார். அன்று கஞ்சி நன்றாகவே வந்தது. தலைவரும் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை தேங்காய்ப்பால் ஊற்றுகிற நேரத்தில் துடுப்பு கையிலிருந்து நழுவி அண்டாவுக்குள் விழுந்தது. எடுக்கப் போனார். வலது கை வரவில்லை. "பாரூக்" என்று கூப்பிட நினைத்தார். வாயிலிருந்து வந்தது ஒரு பெயராக இல்லை.

மறுநாள் காலை, அதே மருத்துவமனையில் பாரூக்கின் சத்தம் வராந்தா முழுக்கக் கேட்டது.

"நல்லாத்தானே இருந்தாரு! கரண்ட் வெச்சு கெடுத்துட்டீங்க. இதுக்கு யாரு பொறுப்பு?"

டாக்டர் கலைப்பிரியா ஃபைலைத் திறந்து காட்டினார். "அன்னிக்குக் காலைலதான் ஆரம்பிச்சுதுன்னு உங்க முன்னாடிதான சொன்னாரு? அதை நம்பித்தான் செஞ்சேன்."

"அப்புறம் எப்படி கட்டி வந்துச்சு?"

கட்டிலில் சனாவுல்லாவுக்கு எல்லாம் கேட்டது. அந்தப் பெண் பழி சுமப்பதும் புரிந்தது. ஒரு நிமிடம் சும்மா இருந்துவிடலாம் என்று தோன்றியது. பேச்சு போனவனை யார் கேட்கப்போகிறார்கள்? பிறகு இடது கையால் கட்டில் கம்பியைத் தட்டினார். எல்லோரும் திரும்பியதும் மூன்று விரலைக் காட்டினார்.

"தண்ணியா? மூணு பேரா?" என்றான் பாரூக்.

டாக்டருக்குத்தான் புரிந்தது. "மூணு நாளா? வர்றதுக்கு மூணு நாளைக்கு முன்னாடியே ஆரம்பிச்சுதா?"

சனாவுல்லா கண்ணை மூடித் திறந்தார்.

டாக்டர் ஃபைலை மூடினார். வெளியே போனார்.

"கஞ்சிக்காகவா?" என்றாள் ஃபாத்திமா பீவி. "என்னாண்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் என்ன, ஊரக் கூட்டியிருப்பனா?" அவள் அழவில்லை. அவருடைய வாயோரம் வழிந்ததை முந்தானையால் துடைத்தாள். கொஞ்சம் அழுத்தித்தான் துடைத்தாள்.

பாரூக்கின் போன் அடித்தது. பள்ளிவாசலில் இருந்து. அவன் மச்சானுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேசினான்.

"ஆமா, நான்தான். பொழைச்சிக்குவாராம்... நொய்ய ஊறப் போடுங்க. ஜல்தியா வந்துர்றேன்."