சங்கு ஊதியதும் கையெடுத்தேன்

மதியம் பன்னிரண்டரைக்குத் தோல் கம்பெனியின் சங்கு ஊதினால் எங்கள் ஆம்பூர்த் தெருவில் ஜன்னல் கம்பிகூட அதிரும். அப்பா சாப்பிட வருவார். சாப்பிட்ட கையோடு என்னுடன் செஸ் ஆடுவார். ஒரு மணிக்கு இரண்டாம் சங்கு ஊதியதும் ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டுச் சைக்கிளில் பறப்பார். எந்தச் சங்கானாலும் "கையெடு" என்பது எங்கள் வீட்டுச் சட்டம். மறுபடி இருவரும் உட்காரும்வரை காயைத் தொட்டால் கள்ளாட்டம். அப்பா சங்கைத் தவறவிட்டதே இல்லை என்பதில் எனக்குப் பெருமை.

எட்டாவது படிக்கும்போது மாவட்டப் போட்டியின் கடைசிச் சுற்றில், கம்பெனிக்கு அடுத்த தெருப் பள்ளியில், வேலூர்ப் பையன் ஒருவனோடு ஆடினேன். ஜெயித்தால் சென்னையில் மாநிலப் போட்டி. என்னிடம் ஒரு யானை கூடுதல். அவன் காதெல்லாம் சிவந்துவிட்டது. ஆற அமர யோசித்து ஆடுவது என் மிடுக்கு என்பதால், என் கடிகாரத்தில் நாலே நிமிடம் மிச்சம். அது போதும், எனக்குத் தெரியும். ராணியை நகர்த்தினேன், கடிகாரப் பொத்தானை அழுத்தப் போகும்போது பன்னிரண்டரைச் சங்கு ஊதியது.

கை தானாகப் பின்னால் வந்தது. நிமிர்ந்து உட்கார்ந்து கைகளைக் கட்டிக்கொண்டேன். எதிரே அவனும் அசையவில்லை. பரவாயில்லை, ஒழுங்காக வளர்ந்த பையன் என்று மெச்சிக்கொண்டேன். ஓடிக்கொண்டிருந்தது என்னுடைய நேரம். அதற்குள் ஜன்னலுக்கு வந்துவிட்ட அப்பா கூட வந்தவரிடம், "பாத்தியா, சங்கு ஊதிச்சி, எம்பொண்ணு கையே வெக்கல," என்றது காதில் விழுந்தது. அடுத்த கணம் என் நேரம் தீர்ந்து கடிகாரத்தின் சிவப்புக் கொடி விழுந்தது. பையன் நடுவரைக் கூப்பிடக் கையைத் தூக்கினான்.

அப்பா உள்ளே வந்து நடுவரிடம் நின்றார். "சங்கு ஊதிடுச்சி சார், அப்புறம் இன்னா ஆட்டம்?"

"பொண்ணு பட்டனை அழுத்தலயேங்க. இங்க கடிகாரம் சொல்றதுதான்."

அப்பா விடவில்லை. கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டார். எனக்கு மானம் போனது. வெளியே வந்ததும், "உன்னாலதாம்பா தோத்தேன்," என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். அவர் என்னைச் சைக்கிளில் ஏற்றி வீட்டுக்குக் கூட்டி வந்தார்.

இப்போது நான் அதே ஊரில் ஒரு ஷூ கம்பெனியில் பெரிய வேலையில் இருக்கிறேன்; சொன்ன நேரத்துக்குச் சரக்கை அனுப்புவதில் என்னை மிஞ்ச ஆளில்லை. சங்கு போய்விட்டது, விரல் ரேகை வைத்துத்தான் உள்ளே போகிறோம். கொடி விழும் கடிகாரமும் போய்விட்டது, அப்பாவும் போய்விட்டார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு நாள் வாசலில் நேரம் தவறி நின்றபோதுதான் எனக்கு உறைத்தது: நடுவரிடம் அவர் எனக்காக மன்றாடிக்கொண்டிருக்கும்போதே அன்று இரண்டாம் சங்கு ஊதி முடிந்திருந்தது. அவர் அசையவில்லை.