கூட்டுக் கம்பி வெட்டிய வில்லுக்கத்தி

இபுறாலெப்பை காக்கா மௌத்தான மரண அறிவித்தல் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் வந்தபோது நான் கடையில் கோழி நிறுத்துக்கொண்டிருந்தேன். பெயரைச் சொன்னார்கள், அவருடைய வாப்பாவின் பெயரைச் சொன்னார்கள், பிறகு “சந்தைக்குப் பக்கத்துக் கோழிக்கடையில் அறுக்கின்றவர்” என்றார்கள். அது என் கடை. எதிரே நின்ற இரண்டு பேர் என் முகத்தைப் பார்த்து, “இன்னாலில்லாஹ்! ஒங்கட ஆள்தானே” என்றார்கள். நான் தலையை ஆட்டினேன். ஆட்டிய அந்தத் தலையைக் கோழி வெட்டும் கட்டையில் கொண்டுபோய் வைத்திருக்கலாம்.

அவர் என் ஆள் இல்லை. மௌத்தாவதற்குப் பதினொரு மாதம் முன்பே என் கடையை விட்டுப் போய்விட்டார். அது ஊருக்குத் தெரியாது. அறுப்பது கடைக்குப் பின்னால், சனத்தின் கண்ணில் படாது; தெரியாமல் பார்த்துக்கொண்டவன் நான். என் கடைக்கு வந்த சனத்தில் பாதிக்கு மேல் அவர் கையால் அறுத்த கோழி என்பதற்காகவே வந்தது. “இபுறாலெப்பைதானே அறுக்கிற?” என்று கேட்பார்கள். பதினொரு மாதமும் நான் “ஓம்” என்றேன்.

இப்போது நீங்கள் எல்லோரும் அவரைப் பற்றித் தொலைபேசியில் எழுதி அனுப்புகிறீர்கள். மென்மையானவராம், பொறுமைசாலியாம். எந்த இபுறாலெப்பையைச் சொல்கிறீர்கள்? பதினாறு வருஷம் என்னோடு நின்ற மனிதர் எதைக் கண்டாலும் முதலில் “சீ” என்பார். சரியாகக் கழுவாத தட்டுக்கு ஒரு “சீ”. கோழியைக் காலில் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி வருகிறவனுக்கு ஒரு “சீ”. எனக்கு ஒரு நாளைக்கு எத்தனை என்று எண்ணியதில்லை.

இறைச்சி வெட்டக் கடையில் பெரிய கத்திகள் இருந்தன. அறுப்பதற்கு மட்டும் அவர் சொந்தமாக ஒரு வில்லுக்கத்தி வைத்திருந்தார். மடித்துச் சட்டைப் பையில் போடுகிற கத்தி. அலகு நடுவிரல் நீளம். காலையில் வந்ததும் அதன் கூர்வாயைப் பெருவிரல் நகத்தில் வைத்து மெல்ல இழுப்பார். எங்காவது துளி மாட்டினாலும் அன்று அந்தக் கத்தி கோழியிடம் போகாது.

ஒரு கல்யாண ஓடர் அன்று அப்படி மாட்டியது. கூர்வாய் உடைந்து கண்ணுக்கே தெரியாத ஒரு கொறுவாய், கடுகை உடைத்ததில் பாதி இருக்கும். கல்லை எடுத்துக்கொண்டு பின்னால் கிணற்றடிக்குப் போய்விட்டார். கோழிக் கூடுகளுக்கு முன்னால் வைத்துத் தீட்டவே மாட்டார். அறுபடப்போகும் பிராணியின் கண் காணக் கத்தி தீட்டக்கூடாது என்பது நம் எல்லோருக்கும் தெரியும்; அவர் அதைச் செய்தார், அவ்வளவுதான். நான் பின்னாலேயே போனேன். கத்தியை நிமிர்த்தி, வாயைக் கல்லில் நேராக ஊன்றி, முன்னும் பின்னுமாக இழுத்துக்கொண்டிருந்தார். நல்ல கூராக இருந்த இடமும் மழுங்கிப் போனது.

“இரிந்த வாயையும் கெடுக்கிறீங்களே காக்கா” என்றேன்.

“பள்ளத்த நிரப்ப ஏலா தம்பி. மத்த இடமெல்லாம் அதுட மட்டத்துக்கு இறங்கி வரோணும்.”

கொறுவாய் முழுதாக மறைந்த பிறகுதான் கத்தியைச் சரித்துப் பிடித்தார். இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம், தண்ணீர் தெளித்துத் தெளித்துத் தேய்த்தார். இடையிடையே கழுவி, அலகின் தட்டைப் பக்கத்தைக் கீழுதட்டில் வைத்துச் சூடு பார்த்தார். சூடு ஏறினால் உருக்குச் செத்துவிடும் என்பார். பிறகு மெல்லிய கல். கடைசியில் பழைய இடுப்புவார்த் தோலில் பின்பக்கமாக நாலு இழுவை. முக்கால் மணித்தியாலம் போய்விட்டது. கல்யாண வீட்டுக்காரர் பொறுக்க முடியாமல், “ஒரு சின்னக் கொறுவாய்தானே, அறுங்களன்” என்றார். “ஒங்கட கழுத்தில வெச்சு ஒருக்கா இழுத்துக் காட்டவா?” என்று கேட்டார் இபுறாலெப்பை காக்கா. 

அடுத்த கொறுவாய் நான் செய்தது. கூட்டின் கதவுக் கம்பி சிக்கிக்கொண்டது. குறடு தேட அலுப்பாக இருந்தது. மேசையில் அவர் கத்தி கிடந்தது. எடுத்துக் கம்பியில் வைத்து அழுத்தினேன். டக்கென்று ஒரு சத்தம். பார்த்தால் நுனிக்குக் கிட்ட நெல்லுமணி அளவு போய்விட்டது. மடித்து, ஒன்றும் தெரியாதவன் போல இருந்த இடத்தில் வைத்தேன்.

நகத்தில் இழுத்த உடனே பிடித்துவிட்டார். “ஆர் இதால கம்பி வெட்டின? சீ!” நான் தராசுப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் கல்லோடு கிணற்றடியில் போய் இருந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை, சனம் நிறைந்து நின்றது. பகல் லுஹர் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒழு செய்ய அவர் எழும்பியபோது கொறுவாய் பாதிதான் இறங்கியிருந்தது. தொழுகைக்கு அவர் பள்ளிக்குப் போன நேரம், நான் கத்தியைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் இரும்பு ஒட்டுகிற கடைக்கு ஓடினேன். அங்கே கிரைண்டர் இருந்தது. இரண்டே நிமிஷம், பொறி பறந்தது, கொறுவாய் போய்விட்டது. அவர் திரும்பி வந்ததும் பெருமையாக நீட்டினேன்.

அலகின் நுனிப்பக்கம் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. அவர் நகத்தில் வைத்து அழுத்தினார். கத்தி வாய் ஈயம் போல மடங்கியது. “கொன்னுட்டாய்” என்றார். பதினாறு வருஷத்தில் அன்றுதான் என்னை அப்படி ஒருமையில் சொன்னார். கத்தியை மடித்துப் பையில் போட்டு, கையைக் கழுவி, செருப்பை மாட்டிக்கொண்டு போனார். நானும் போய்க் கூப்பிடவில்லை. ஒரு கத்திக்கு இவ்வளவு ரோசமா என்று எனக்கும் ரோசம்.

வேறொருவரைப் பிடித்து அறுக்க வைத்தேன். அவர் கையில் கிடைத்த கத்தியை எடுப்பார். கத்தியின் வாயெல்லாம் பல்லுப் பல்லாக இருக்கும். ஒரே இழுவையில் முடியவேண்டியதை மூன்று நாலு தடவை இழுப்பார். கழுத்து அறுபடாமல் பிய்ந்தது. இறைவன் பெயரில் பிஸ்மி சொல்லித்தானே அறுக்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்தக் கோழியில் ஒரு துண்டு என் வீட்டுக்குப் போகவில்லை. பதினொரு மாதமும் வீட்டுக்கு மீன் வாங்கினேன். உங்களுக்கு அதை நிறுத்துக் கொடுத்துவிட்டு, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு, மீன் வாங்கப் போனேன். 

அவர் விட்டுப்போன எட்டாவது மாதம், ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அவர் கடைக்கு வந்தார். பள்ளியில் யாரோ அவரிடம், “ஒங்கட கையால அறுத்த கோழி எண்டா ஒரு திருப்தி” என்று சொல்லியிருக்கிறார்கள். வரிசையில் நின்றார். முறை வந்ததும் என்னைப் பார்த்துக் கேட்டார்:

“ஆர் அறுத்த தம்பி?”

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். பகிடி விடுகிறார் என்று நினைத்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு நல்ல வசதியாகப் போய்விட்டது. நானும் பல்லைக் காட்டிக்கொண்டு, “நீங்கதானே காக்கா!” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. வெயிலில் கிடந்து நாறிய குடலைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். எனக்கு ஒரு “சீ” கூடச் சொல்லவில்லை. வெளியே போய்க் வடிகான் ஓரத்தில் துப்பிவிட்டு நடந்தார்.

அவரை அடக்கிய மையவாடியில் பலர் என் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னார்கள். அதையும் வாங்கிக்கொண்டேன். மூன்றாம் நாள் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி கதவோரத்தில் இருந்து பேசினார். அந்தக் கத்தியைக் காக்கா வீட்டில் வைத்து நாள்கணக்காகத் தேய்த்தாராம். நீலம் பாய்ந்தது எல்லாம் போய் நல்ல உருக்கு வரும்வரை விடவில்லையாம். அலகு ஈர்க்கு மாதிரி ஆகிவிட்டது, மாங்காய் வெட்டத்தான் வைத்திருந்தார் என்றார். தேத்தண்ணி கொண்டு வந்து எனக்கு முன்னால் வைத்தார். பிறகு கேட்டார்.

“ஒங்கட கடைக் கோழி இந்த ஊட்டுக்குள்ள வரப்படா எண்டு சொல்லிட்டாரு தம்பி. ஏனெண்டு கேட்டா, அது எனக்கும் கடைக்காரனுக்கும் உள்ள கதை எண்டு மட்டும்தான் சொல்லுவாரு. என்ன நடந்த?”

எல்லாவற்றையும் சொன்னேன். கம்பி, கிரைண்டர், பதினொரு மாதத்து “ஓம்”. அவர் வைத்த தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இபுறாலெப்பை காக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த வெள்ளிக்கிழமைப் பார்வை ஒன்றுதான். ஊரில் ஒருத்தருக்கும் சொல்லாமல், எனக்கு மட்டும் தந்துவிட்டுப் போனார். என் கடையில் கோழி வாங்கித் தின்ற உங்களிடமும் அதே பார்வையைக் கேட்டு வாங்கத்தான் இதை எழுதினேன்.